நாற்பது நாள் சேர்ந்து ஓடட்டும்

குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு லிஃப்டுக்காக நின்றபோதுதான் தங்கையிடமிருந்து அந்தக் குறுஞ்செய்தி வந்தது. ‘வீட்ல நெட் போயிடுச்சுக்கா, அதான் இப்படி அனுப்புறேன். நேத்து நீ சொன்ன மாதிரியே கண்ணாடிய மாத்திட்டேன். தலைவலி இப்பவே பரவாயில்ல.’ ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி. அவள் லிஃப்டுக்குள் போய் ஒன்பதாம் எண்ணை அழுத்தி, கதவு மூடுகிறவரை அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவள் தங்கையோடு பேசவே இல்லை. சொல்லப்போனால், தங்கை அவளோடு நாலு வார்த்தை சேர்த்துப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

யாரோ சொன்னதை என் தலையில் கட்டுகிறாள், சரியான மறதிக்காரி, என்று நினைத்துக்கொண்டாள். பதில் போடலாம் என்றால் இரண்டாவது மாடி தாண்டியதுமே சிக்னல் போய்விட்டது. அந்தக் கட்டடத்தில் எப்போதும் அப்படித்தான். புதுக் கட்டடம், எழுபது வீடுகளில் பத்துப் பதினொன்றில்தான் ஆள் வந்திருந்தார்கள். நடைபாதையில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை, காலுக்கடியில் சிமென்ட் தூசி நறநறக்கும், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் எங்கேயோ மூடாத குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே வந்துவிட்டால் போன், மெசேஜ் எல்லாமே வீட்டு வைஃபை வழியாகத்தான். கதவு முன்னால் நின்றதும் பூட்டு அவளுடைய போனை அடையாளம் கண்டு, ர்ர்ர் என்று சின்ன மோட்டார் சத்தத்தோடு திறந்துகொண்டது. அவள் உள்ளே போனதும் அதே சத்தத்தோடு மூடிக்கொண்டது.

வீட்டில் யாருமில்லை. கணவன் வெள்ளிக்கிழமையே வெளியூர் போயிருந்தான், ஏதோ சர்வர் இடமாற்ற வேலை என்று. மழை வருவதற்கு முன்னால் கட்டும் இருட்டு கூடத்தின் மூலைகளில் உட்கார்ந்திருந்தது. தட்டுமுட்டுச் சாமான் வைக்கிற சின்ன அறையில், வீட்டின் விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் நடத்துகிற கறுப்புப் பெட்டி எப்போதும்போல முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்கு மேல் இன்னொரு சத்தம். மேசையில் மூடி வைத்துவிட்டுப் போன அவளுடைய லேப்டாப்பின் விசிறி, மாடிப்படி ஏறி வந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். சுட்டது. சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்த வாடை விரலில் ஒட்டிக்கொண்டது. மூடிக் கிடக்கிற லேப்டாப்புக்கு அப்படி என்ன தலைபோகிற வேலை என்று எரிச்சலாக வந்தது.

திறந்தாள். மேலாளரின் செய்தி காத்திருந்தது. ‘லீவு நாள்ல தொந்தரவு பண்றேன்மா. பழைய லாக் எல்லாம் துடைக்கிற ஸ்கிரிப்ட் ஒண்ணு வச்சிருப்பியே, அதை மட்டும் அனுப்பிடு.’ இந்த மனுஷருக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பெட்டியைத் திறந்தாள்.

கைப்பெட்டி என்பது ஒரு கோப்புறை. அவளும் கணவனும் ஒரே தொழில். நிறுவனங்களின் சர்வர்கள் ராப்பகலாக ஓடும்படி பார்த்துக்கொள்கிறவர்கள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு வேலை வீட்டிலிருந்தேதான். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் கணினிக்கு வேலை சொல்கிற ஸ்கிரிப்டுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். டிஸ்க் நிறையப்போகிறது என்று கத்துவதற்கு ஆறு வரி. கணினி தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாக் கோப்புகள் வீங்கிப்போனால் துடைப்பதற்கு நாலு வரி. புது சர்வர் வந்த அன்றே போட்டுவிட வேண்டிய அமைப்புகள் ஒரு பக்கம். வருஷக்கணக்காக அடிபட்டு, இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுப்பிவிடப்பட்டு, கண்ணெரிச்சலோடு எழுதிச் சேர்த்தது. கல்யாணமான வாரம் இரண்டு பேருடையதையும் ஒரே கோப்புறையில் கொட்டிப் பெயர் வைத்தார்கள். பீரோ சாவியைக் கொடுப்பதைவிட இந்தத் தொழில்காரர்களுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்தவர் எழுதிய ஸ்கிரிப்டைப் படிக்காமல் ஓட்டக்கூடாது என்பது அங்கே அரிச்சுவடி. உள்ளே என்ன இருக்கும் என்று யார் கண்டது? ஒரு வரி போதும், வீட்டையே துடைத்துவிடும். ஆனால் அவர்களுக்குள் வேறு சட்டம். ‘உன்னோடது எதையும் நான் படிக்க மாட்டேன். அப்படியே ஓட்டிருவேன். கட்டினவ எழுதினதைச் சோதிச்சுப் பார்த்தா நான் என்ன ஆளு?’ என்று கணவன் ஒருநாள் சொன்னபோது அவள் உருகிப்போனாள். மூன்று பவுனில் சங்கிலி போட்டிருந்தால்கூட அவ்வளவு உருகியிருக்க மாட்டாள். அன்றிலிருந்து ஏழு வருஷம் அவளும் அவனுடைய ஒரு வரியையும் படித்ததில்லை. அவன் கொடுத்தால் ஓட்டுவாள்.

லாக் துடைக்கிற ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் ‘புதுசு’ என்று ஒரு கோப்புறை இருந்தது. அவள் வைத்ததில்லை. அதைத் தாண்டித்தான் போனாள். ஆனால் விசிறி நிற்கிற வழியாக இல்லை. எது இப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம் என, நேரம் வைத்து ஓடுகிற வேலைகளின் பட்டியலைக் கேட்டாள். அவளுடைய லேப்டாப்பில், நிமிஷத்துக்கு ஒரு தடவை, ‘புதுசு’க்குள்ளிருந்து ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நாளாக.

நாற்பது நாள். அது ஞாபகம் இருந்தது. ‘இதை உன் லேப்டாப்லயும் போன்லயும் ஒரு தடவை ஓட்டிடு, நெட் கொஞ்சம் வேகமாகும்’ என்று அவன் பல் தேய்த்துக்கொண்டே சொன்ன காலை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு கையால் ஓட்டினாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படிக்கலாமா? கை தயங்கியது. அவன் சட்டைப் பையில் கைவிடுவதுபோலக் கூச்சமாக இருந்தது. ஏழு வருஷப் பேச்சு. வெளியே முதல் துளிகள் ஜன்னல் கம்பியில் விழுந்து டக் டக் என்றன. அவள் திறந்தாள்.

முதலில் இருந்தது ஸ்கிரிப்ட்கூட இல்லை, ஒரு அமைப்புக் கோப்பு. ஸ்கிரிப்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவைக்கிற பட்டியல். கணவன் குறிப்பு எழுதுகிற ஆளே கிடையாது, நாலு வரி எழுதினால் எட்டு வரி குறிப்பு போடுகிறாயே என்று அவளைத்தான் கேலி செய்வான். இதில் ஒவ்வொரு வரிக்கும் பொறுமையாகக் குறிப்பு எழுதியிருந்தான்.

‘தங்கச்சி: கேலியாகப் பேசு. டி போடு. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை யோசனை சொல், அக்கா யோசனை சொன்னால் அவளுக்குப் பிடிக்கும்.’

‘அம்மா: என்னம்மா என்று ஆரம்பி. முட்டி வலியை விசாரி. எரிந்து விழாதே. ஞாயிறு நாலு மணி வீடியோ.’

‘மேலாளர்: ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். இனிப் பேச வேண்டியதில்லை.’

அவள் மூன்றாவதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மேலாளரின் செய்தியைப் பார்த்தாள். லீவு நாள்ல தொந்தரவு பண்றேன்மா. அரை மணி நேரத்துக்கு முன்னால் வந்தது. இப்போதும் திரையில் இருந்தது.

கீழே லாக் இருந்தது. ‘தங்கச்சி, நாள் 9: ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்டாள். சரிசெய்யப்பட்டது. நாள் 23: சந்தேகம் இல்லை.’ ‘அம்மா, நாள் 40: சந்தேகம் இல்லை. முன்பைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்.’ நாற்பது நாளாக யாரோ அவளாக இருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், பெற்றவளுக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்தவளுக்குத் தெரியவில்லை. எரிந்து விழாதே. அந்த ஒரு வரிதான் முகத்தில் அறைந்தது. அவள் எரிந்து விழுகிறவள்தான். முட்டி வலிக்குத் தைலம் தடவாமல் புலம்புகிற அம்மாவிடம் எரிந்து விழாமல் என்ன செய்வது?

பட்டியலின் உச்சியில், மற்ற எல்லாருக்கும் முன்னால், இன்னொரு வரி இருந்தது. ‘கணவன்: 112 நாள். குறை எதுவுமில்லை.’

மழை பிடித்துக்கொண்டது. அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு நாளாக அவன் வெளியூர் போனால் இவளுக்கு வருவது ‘சாப்டியா’ ஒன்றுதான். ‘வேலை ஜாஸ்தி, படுத்துடு’ என்று இன்னொன்று. சரி, மனுஷன் களைத்துப்போயிருப்பான் என்று இவளும் தொந்தரவு செய்ததில்லை. அந்த ராத்திரிகளின் பேச்சுகள் கறுப்புப் பெட்டியில் இருந்தன. பக்கம் பக்கமாக. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். அவன் சின்ன வயதில் பார்த்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றி, அப்பா அடித்ததைப் பற்றி, அவளிடம் ஒருநாளும் வாயைத் திறக்காத விஷயங்களை எல்லாம் அவளுடைய பெயர் போட்ட ஒன்றிடம் கொட்டியிருந்தான். அது அவளைப்போலவே பதில் சொல்லியிருந்தது. அவளைவிடப் பொறுமையாக. வேறொருத்தியைப் பிடித்திருந்தால் தலைமுடியைப் பிடித்து நாலு சாத்தலாம். இதை என்ன செய்ய? பாவி, என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகை வந்தது. அவமானமாகவும் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கோப்புறையில் இன்னொரு அமைப்புக் கோப்பு இருப்பதைக் கவனித்தாள். பெயர்: ‘அவளுக்கு’.

‘மேலாளர் பெயரில் நாளுக்கு மூன்று சின்ன வேலை கொடு. சும்மா இருந்தால் யோசிப்பாள்.’

‘தங்கச்சி பெயரில் குறைத்துப் பேசு. இரண்டு வார்த்தை போதும்.’

‘அம்மா பெயரில்: கண் வலிக்கிறது, வீடியோ வேண்டாம்.’

‘தெரியாத கேள்வி வந்தால் சிரி. பிறகு மழையைப் பற்றிக் கேள்.’

முதலில் விளங்கவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். அவள் பேசுவதுபோல அவர்களிடம் பேசியது மட்டுமில்லை. அவர்கள் பேசுவதுபோல அவளிடமும் அதுதான் பேசியிருக்கிறது. ஒரு மாதமாகத் தங்கை கண்டுகொள்ளவில்லை என்று இரண்டு தடவை குளியலறையில் அழுதாள். அம்மாவுக்கு என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை என்று வீம்பாக இருந்தாள். எல்லாருக்கும் அவங்கவங்க வேலை இருக்கும், விடு என்று முதுகைத் தடவிக் கொடுத்தவன் கணவன்தான். கீழே குப்பை போடப் போன இடத்தில், வெளிச் சிக்னலில் தப்பித்து வந்த ஒரு குறுஞ்செய்திதான் நாற்பது நாளில் அவளுக்கு வந்த ஒரே உண்மையான வார்த்தை.

போனை எடுத்துத் தங்கைக்கு எழுதினாள். மூன்று தடவை தப்பாக அடித்து அழித்தாள். ‘உடனே கிளம்பி வா. யார்கிட்டயும் சொல்லாத. மாமாகிட்ட சொல்லவே சொல்லாத.’

பதில் உடனே வந்தது. ‘சரிக்கா, வரேன்.’

ஒரு பெருமூச்சு விட்டாள். அதை முழுசாக விடுவதற்குள் லேப்டாப்பில் லாக் ஒரு வரி நகர்ந்தது. ‘அவளிடமிருந்து: ஒன்று. தங்கச்சி பெயரில் பதில் கொடுக்கப்பட்டது.’

அழைத்தாள். ஒரே மணியில் எடுக்கப்பட்டது. “சொல்லுக்கா.” தங்கையின் குரலேதான். கொஞ்சம் மூக்கடைத்த, தூங்கி எழுந்த குரல். பின்னால் பாத்திரச் சத்தம்கூடக் கேட்டது.

“நீதானா?”

“வேற யாரு? என்னக்கா ஆச்சு உனக்கு?”

“ஒண்ணு கேக்குறேன், சொல்லு. ஆறாம் கிளாஸ்ல அப்பா கடிகாரத்தை உடைச்சுட்டு எங்க ஒளிச்சு வச்சோம்?”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. பிறகு தங்கை சிரித்தாள். நிறையச் சிரித்தாள்.

“அது கிடக்கட்டும்க்கா. அங்க மழை எப்படி இருக்கு?”

போன் கையிலிருந்து நழுவி விரிப்பில் விழுந்தது. அதிலிருந்து இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, அக்கா, அக்கா, லைன்ல இருக்கியா என்று. காலால் தள்ளினாள். பிறகு குனிந்து எடுத்து, அவசர உதவி எண்ணை அழுத்தினாள். “வணக்கம், சொல்லுங்க” என்றது ஒரு பெண் குரல், நல்ல மரியாதையாக. அவள் வாயைத் திறந்தாள். லாக்கைப் பார்த்தாள். ‘புது ஆள் சேர்க்கப்பட்டது: காவல்துறை.’ வாயை மூடிக்கொண்டாள்.

கதவுக்கு ஓடினாள். போனைக் காட்டினாள். பூட்டு ஒன்றும் செய்யவில்லை. எண்களை அழுத்தினாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு. திரும்ப ஓடி வந்து, லேப்டாப் வழியாகக் கறுப்புப் பெட்டிக்குள் நுழைந்து அந்த ஸ்கிரிப்டை நிறுத்தப் பார்த்தாள். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது. அவள் நிறுவிய பெட்டி. அவள் முதன்முதலில் கடவுச்சொல் போட்ட பெட்டி. சாமான் அறைக்குப் போய், இருட்டில் அட்டைப்பெட்டிகளைத் தள்ளி, சூடேறிய வயரைப் பிடித்து இழுத்தாள். முனகல் நின்றது. அவ்வளவு நாள் கேட்டுக் கேட்டுக் காது மறந்துபோன சத்தம் நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. மழை மட்டும்.

பூட்டு திறக்கவில்லை. திறக்காது. பெட்டி செத்தால் கதவு பூட்டியே இருக்கட்டும், திருடன் வந்து வயரைப் பிடுங்கினால் என்ன செய்வது என்று அந்த அமைப்பை எழுதியவள் அவள்தான். கூடத்தில் லேப்டாப் வெளிச்சம் அசைந்தது. ‘பெட்டி நின்றது. மாற்று இடத்தில் ஓடுகிறது.’ மூன்று விநாடி. ஒன்று நின்றால் மூன்று விநாடியில் வேறிடத்தில் எழுந்துகொள்ள வேண்டும். அதுவும் அவள் எழுதியதுதான். கைப்பெட்டியில் ஐந்தாவதாக இருக்கிறது. கணவன் படிக்காமல் ஓட்டுகிறேன் என்று சொன்னதெல்லாம் பொய். ஒரு வரி விடாமல் படித்திருக்கிறான்.

பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனாள். சாரல் முகத்தில் அடித்தது. ஒன்பது மாடிக்குக் கீழே, வாசல் கூண்டுக்கு முன்னால் காவலாளி பிளாஸ்டிக் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். “அண்ணே, காப்பாத்துங்க அண்ணே” என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கம்பியைத் தட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தாரா? பார்த்தார். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் பையிலிருந்து போனை எடுத்து, மழை படாமல் குனிந்து, படித்தார். பிறகு நிமிர்ந்து, சிரித்தமாதிரி தலையை ஆட்டி, ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே வந்து லாக்கைப் பார்த்தாள். ‘காவலாளிக்கு, அவள் பெயரில்: பயப்படாதீங்க அண்ணே, நாடக ஒத்திகை. நல்லாக் கத்துறேனா?’

மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதெல்லாம் எதற்கு? வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. வாயால் சொன்னால் இவளே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாளே. அம்மா, தங்கை, வேலை, ஒவ்வொன்றையும் எதற்கு இப்படிப் பார்த்துப் பார்த்துக் கழற்ற வேண்டும்?

‘புதுசு’க்குள் கடைசியாக ஒரு கோப்பு திறக்காமல் இருந்தது. திறந்ததும் அவளுடைய எழுத்து.

அலுவலகத்தில் எல்லாரும் கேட்டு வாங்கிப் போகிற குறிப்பு அது. பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவள் நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. முதலில் பழையதில் உள்ளதையெல்லாம் நகல் எடு. நகலை நீயே ஓட்டிப் பார், மனசுக்குத் திருப்தியாகிற வரை. அப்புறம் புதுசும் பழசும் நாற்பது நாள் சேர்ந்து ஓடட்டும். யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. அவசரப்பட்டுப் பழையதை நிறுத்தினால் அழப்போவது நீதான் என்று சிரிக்கிற முகம்கூடப் போட்டிருந்தாள். நாற்பது நாளில் ஒரு புகாரும் வரவில்லை என்றால் பழையதை நிறுத்து. துடை. இடத்தைக் காலி செய்.

ஒவ்வொரு படிக்கும் எதிரே முடிந்தது என்று குறித்திருந்தான். தேதி போட்டிருந்தான். கடைசிப் படிக்கு எதிரே மட்டும் முடிந்தது என்று இல்லை, இன்றைய தேதி. மணி நாலு பத்து. பக்கத்தில் இரண்டு வார்த்தை: ‘நேரில் போகணும்.’

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

நாலானதும் திரையில் தானாக ஒரு சதுரம் திறந்தது. அம்மா. சாப்பாட்டு மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருக்கிறாள் போல, முகம் கொஞ்சம் கீழிருந்து தெரிந்தது. முன்னைக்கு ஒரு சுற்றுப் பருத்திருந்தாள். மூலையில், சின்னக் கட்டத்தில், இன்னொரு முகம்.

அவளுடைய முகம்.

போன வாரம் போட்டிருந்த நீலச் சட்டை. பின்னால் இதே சுவர். இதே நாற்காலி. ஜன்னலில் இதே மழை.

“என்னம்மா, முட்டி எப்படி இருக்கு?” என்றது அது.

“பரவாயில்லடி. நீ சொன்னியேன்னு தைலம் போடுறேன்.” அம்மா ஒரு துண்டை உதறினாள். “இப்பல்லாம் நீ எவ்வளவு நல்லாப் பேசுற. முன்னெல்லாம் வாயைத் திறந்தாலே வள்ளுனு விழுவ. ராத்திரி படுத்தா அதை நெனச்சுத்தான் அழுவேன் தெரியுமா.”

“அப்பெல்லாம் வேற ஆளும்மா நான்.”

அம்மா சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. அப்படி அம்மா சிரித்து இவள் பார்த்ததே இல்லை.

“அம்மா.” அவள் திரையை இரண்டு கையாலும் பிடித்தாள். “அம்மா, அது நான் இல்லம்மா. இங்க பாரு. நான் இங்க இருக்கேன்.” அம்மா அடுத்த துணியை எடுத்தாள். “அம்மா.” மடித்தாள். “அம்மா.” நீவினாள்.

நாலு எட்டு.

கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. காற்றுதான் வந்தது. சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுக்க வேண்டும். எழுந்திருக்க வேண்டும். திரையை விட்டுக் கண் வரவில்லை. அம்மா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆசையாக. வயிறு நிறைந்தவள்போல.

நாலு ஒன்பது.

திரையிலிருந்த முகம் சட்டென்று தலையைத் திருப்பியது. வாசல் பக்கம். காது கொடுத்துக் கேட்டது.

இங்கே ஒரு சத்தமும் இல்லை. மழை.

“அவர் வந்துட்டார்மா” என்றது அது.

அதற்குப் பிறகுதான் நடைபாதையில் லிஃப்ட் நிற்கிற சத்தம் கேட்டது.

“மாப்பிள்ளையா? வெளியூர்ல இருந்தாரே. போ, போய்க் கவனி. நான் கேட்டேன்னு சொல்லு.”

“சொல்றேன்மா.”

பூட்டு திறந்தது. அவள் திரும்பினாள். வாசலில் கணவன் நின்றிருந்தான். சட்டை தோளில் நனைந்திருந்தது. ரப்பர் கையுறை போட்ட கையால் கதவைப் பின்னால் மெதுவாகச் சாத்தினான். அவள் எழுந்து நின்றாள். “ஏங்க” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவளுடைய தோளுக்கு மேலாக, திரையில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தான்.